நடுவில் வரவேண்டிய குரல்

"டார்ச்சை இன்னும் கொஞ்சம் தூக்குங்க. என் மூஞ்சியில இல்ல, டிவி முதுகுல."

மெய்ப்புக்காரர் தூக்கினார். அச்சகத்தில் முப்பது வருடமாக மெய்ப்புப் பார்த்து, பிறர் எழுதியதில் பிழை பிடித்தே காலம் தள்ளியவர். வீட்டில் ஒயர், ஆணி, ஸ்க்ரூ என்று எது வந்தாலும் அவருடைய பங்கு டார்ச் பிடிப்பதோடு சரி. மீதியெல்லாம் அவர் மனைவியின் ராஜ்ஜியம். டிவி, ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் கடையொன்றில் பத்தொன்பது வருடமாக மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவள் அவள்.

அன்று மாலை அவள் சுவருக்கும் டிவிக்கும் நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைந்திருந்தாள். கீழ்த்தட்டில் ஹோம் தியேட்டர் ரிசீவர் கறுப்பாகக் கனத்து உட்கார்ந்திருந்தது. யாரோ பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு நான்கு வருடமாகத் திரும்பியே வராத பெட்டி. "இதைத் தூசி தட்டித் தட்டி எனக்கு இழுப்பு வந்துடும் போல. நீயே தூக்கிட்டுப் போம்மா" என்று முதலாளி அவள் தலையில் கட்டிவிட்டார். ஐந்து ஸ்பீக்கருக்கான பெட்டி அது. அவளிடம் இருந்தவை நான்குதான். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. படத்தில் ஆட்கள் பேசுவதெல்லாம் நடுவில் வைக்கும் ஐந்தாவதில்தான் வர வேண்டுமாம். அது இல்லாததால் ரிசீவர் பேச்சை இடமும் வலமுமாகப் பிரித்துக் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தது. மெய்ப்புக்காரர் உட்காருவது சோபாவின் வலது கோடி. அதனால் அவருக்கு எல்லாப் பேச்சும் வலதுபக்க அலமாரியிலிருந்தே வந்தது.

"கதாநாயகி அழறது திரையில. குரல் வர்றது என் சட்டை அலமாரியிலேருந்து" என்று மூன்று வாரமாகப் புலம்பித் தீர்த்தார்.

அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. டிவிக்குள்ளேயே இடதும் வலதுமாக இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. பழைய மாடல் என்பதால், வெளியிலிருந்து அவற்றுக்கு ஒயர் கொடுக்க முதுகில் நான்கு கிளிப்புகள் வைத்திருந்தார்கள். சிவப்பு இரண்டு, கறுப்பு இரண்டு. பக்கத்தில் ஒரு பொடி சுவிட்ச். அதை 'வெளியே' என்ற பக்கம் தள்ளிவிட்டால், டிவி தன் ஸ்பீக்கர்களைத் தானே தொடாது. ரிசீவர் கொடுப்பதைத்தான் அவை பேசும். புதிதாக ஒரு நடு ஸ்பீக்கர் வாங்க வேண்டியதில்லை.

"அதாவது, சத்தம் டிவியிலேருந்து கிளம்பி ரிசீவருக்குப் போகுது. அங்கேருந்து மறுபடி டிவிக்கே வருது" என்றார் மெய்ப்புக்காரர்.

"ஆமா."

"அதுக்கு அது கிளம்பாமலே இருந்திருக்கலாமே."

"நீங்ககூடத்தான் தினம் ஆபீசுக்குக் கிளம்பிப் போய்ட்டு மறுபடி இங்கேயே வர்றீங்க. நான் ஏதாவது கேட்டேனா?"

ஒயர் ஒரு சாண் போதவில்லை. அவள் இழுத்துப் பார்த்தாள், சுற்றிவிட்டுப் பார்த்தாள், கடைசியில் தலைமுடியெல்லாம் தூசியோடு வெளியே வந்தாள். "நாளைக்குக் கடையிலேருந்து நீளமா வெட்டிட்டு வர்றேன். மத்ததை இன்னிக்கே முடிச்சு வச்சுடலாம்" என்று சுவிட்சை 'வெளியே' தள்ளினாள். ரிசீவரின் மெனுவுக்குள் போய் நடு ஸ்பீக்கர் உண்டு என்று போட்டாள். இன்னும் என்னென்னவோ எண்களை அமுக்கினாள். பிறகு மேஜையில் உட்கார்ந்து, எந்த ஒயர் எந்தக் கிளிப்புக்கு என்று ஒரு தாளில் நீல மையில் படம் வரைந்து பைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை குறைவு என்றாள்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு, கடையில் தன் மேஜையில் உட்கார்ந்தபடியே அவள் போய்விட்டாள். இதயம் என்றார்கள். அவருக்குத் தகவல் சொன்னது மீட்டர்.

மீட்டர் என்பவன் கடையில் அவளுக்கு அடுத்த மேஜைக்காரன். நாற்பது வயது, ஒடிசலான ஆள். இடுப்பில் எப்போதும் மின்னோட்டம் அளக்கும் மல்ட்டிமீட்டர் தொங்குவதால் அந்தப் பெயர். பதினோரு வருடம் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் ஒரே விளக்கைப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை என்பது மெய்ப்புக்காரருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? விடுமுறை நாளில் போன் அடிக்கும். எடுத்துப் பேசுவாள். "கெப்பாசிட்டரா? உப்பியிருக்கா? நீ அதோட தலையைத் தடவிப் பார்த்தியா?" என்பாள். அப்புறம் ஒரு சிரிப்பு வரும். வாய்விட்டு, மூச்சு முட்ட, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். அவரிடம் அவள் சிரிப்பது வேறு; அது பல்லுக்குள்ளேயே இருக்கும்.

ஒருமுறை கேட்டார். "என்ன அப்படிச் சிரிப்பு?"

"சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வாக்கியம் அவருக்குள் போய் உட்கார்ந்தது, உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே இல்லை. முப்பது வருடம் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் புரிந்துகொண்டு திருத்தியவருக்கு, ஒரு உப்பின கெப்பாசிட்டர் புரியாது!

அவள் போன அன்றைக்கும் மீட்டர் அவரை விடவில்லை. இவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மீட்டர்தான் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். வந்தவர்களெல்லாம் அவன் தோளைத் தட்டித் தேற்றினார்கள். தூரத்து உறவில் ஒரு பெரியவர், "பாவம், கூடப்பிறந்த தம்பியா?" என்று மெய்ப்புக்காரரிடமே கேட்டார்.

"இல்ல. அடுத்த மேஜை" என்றார் இவர்.

துக்கத்தில்கூட அவன் முந்திக்கொண்டான் என்று நினைத்தபோது தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைத்தார். கடைசி நாளின் எட்டு மணி நேரமும் அவனிடம்தான் இருந்தது. அவள் கடைசியாக என்ன பேசினாள் என்பது அவனுக்குத்தான் தெரியும். கேட்டால் சொல்லுவான். கேட்பதற்கு இவருக்கு வாய் வரவில்லை. அவளுடைய கைப்பையை அவன் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கி, திறக்காமலே அலமாரியில் வைத்தார்.

இரண்டு வாரம் கழித்துத்தான் டிவியைப் போட்டார். வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டுமே என்று.

மழை பெய்தது. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தாள். செருப்புச் சத்தம் அத்தனை துல்லியம். அவள் வாயைத் திறந்து என்னவோ சொன்னாள். ஒன்றும் கேட்கவில்லை. எதிரே நின்றவனும் வாயைத் திறந்தான். அதுவும் கேட்கவில்லை. பின்னணியில் வயலின் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது.

சேனல் மாற்றினார். எல்லா இடத்திலும் அதே கதை. கைதட்டல் இருந்தது, பேச்சு இல்லை. டிவி கெட்டுவிட்டது என்று ஒரு கணம் நினைத்து, அப்புறம்தான் விளங்கியது. நடு ஸ்பீக்கர் உண்டு என்று அவள் ரிசீவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அதை நம்பி அது எல்லாப் பேச்சையும் நடுவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒயரே இல்லை.

ரிசீவரை அணைத்துவிட்டு டிவியை மட்டும் போட்டால் ஒரேயடியாக ஊமை. சுவிட்சைப் பழைய பக்கம் தள்ளினால் பேசும் என்பது அவருக்கே தெரியும். தள்ளவில்லை. அவள் தள்ளி வைத்த சுவிட்ச் அது.

மீட்டரைக் கூப்பிட்டால் கால் மணி நேர வேலை. வருவான், பின்னால் புகுவான், நான்கு கிளிப்பை அமுக்குவான், முடிந்தது. அவள் பாதியில் விட்டுப் போனதை அவன் முடித்து வைப்பான். அப்புறம் காலத்துக்கும் இந்த வீட்டில் கேட்கிற ஒவ்வொரு பேச்சும் அவன் கைபட்டு வரும். அதைவிட ஊமைப் படம் தேவலை. இன்னும் இரண்டு வாரம் மெய்ப்புக்காரர் வாயசைவுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

அதற்குமேல் முடியவில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் கைப்பையை எடுத்துத் திறந்தார். கண்ணாடிக் கூடு, சீப்பு, பஸ் சீட்டு. அடியில் சுருட்டி ரப்பர்பேண்ட் போட்ட புது ஒயர். அதற்குள் மடித்துச் செருகிய அந்தப் படத் தாள்.

அவளேதான் வெட்டி வைத்திருந்தாள். இனி ஒருவன் தயவும் தேவையில்லை. மெய்ப்புக்காரருக்கு ஒரு மாதத்தில் முதல்முறையாகக் கைகாலில் ரத்தம் ஓடியது. தாளை மேஜையில் விரித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

ரிசீவரிலிருந்து ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. டிவிப் பக்கத்தில் அவை இரண்டிரண்டாகக் கிளைத்தன. இடது ஸ்பீக்கருக்குச் சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. வலதுக்கும் நீல மையில் அப்படியேதான் போட்டிருந்தாள். ஆனால் அந்த வலதுபக்கக் கோடுகளின் மேல் யாரோ பச்சை மையில் அடித்து, பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே மாற்றி வரைந்திருந்தார்கள். சிவப்பு கறுப்புக்கு, கறுப்பு சிவப்புக்கு. பக்கத்தில் 'வலது மட்டும் மாற்றி' என்று எழுத்து. அவள் எழுத்து இல்லை. காய்கறிக் கூடையைக் கவிழ்த்துவிட்டது போன்ற அந்தக் கிறுக்கல் யாருடையது என்று சொல்ல ஆள் வேண்டியதில்லை. கடை ரசீதுகளில் பார்த்திருக்கிறார்.

உச்சந்தலைவரை எரிந்தது. அவள் வரைந்ததை அவன் திருத்தியிருக்கிறான்! அதுவும் தப்பாக. இடதில் ஒரு முறை, வலதில் ஒரு முறை என்று எந்த மடையனாவது போடுவானா? ஒரே பக்கத்தில் ஒரே விஷயத்தை இரண்டு விதமாக விட்டால் அச்சகத்தில் அவரைக் கேள்வி கேட்பார்கள். முப்பது வருடப் பழக்கம் விரலுக்கு வந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்தார். பச்சையை அடித்தார். அடிபட்ட நீலக் கோடுகளுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தார். அவர் தொழிலில் அதற்கு அர்த்தம், முதலில் இருந்ததே சரி, திருத்தத்தை விட்டுவிடு என்பது.

அந்தப் புள்ளிகளை வைக்கும்போது அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

பிறகு தானே டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பின்னால் நுழைந்தார். ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்ததில் உதடு கிழிந்தது. ஒவ்வொரு கிளிப்பையும் மூன்று முறை சரிபார்த்தார். வெளியே வந்து ரிசீவரைப் போட்டார்.

பேசினார்கள்! செய்தி வாசிப்பவர் பேசினார், விளம்பரத்தில் குழந்தை பேசியது. மெய்ப்புக்காரர் சோபாவின் வலது கோடியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏதோ இடித்தது. பேச்சு வந்தது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. டிவியிலிருந்து வரவில்லை. அலமாரியிலிருந்தும் வரவில்லை. அடிக்குரலெல்லாம் உறிஞ்சப்பட்டு, மெலிந்து, காதுக்குப் பின்னால் மிதந்தது. தலையைத் திருப்பினால் இடம் மாறியது. பழகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மாலையில் கொழுந்தியாள் வந்தாள். மனைவியின் தங்கை, அக்கா போன பிறகு வாரம் ஒருமுறை வந்து அவர் சாப்பிட்டாரா என்று பாத்திரத்தைத் திறந்து பார்ப்பவள். ஐந்து நிமிடம் டிவி பார்த்தாள்.

"மாமா, இவர் ஏன் தண்ணித் தொட்டிக்குள்ள உட்கார்ந்து செய்தி வாசிக்கிறார்?"

"நல்லாத்தானே இருக்கு."

"எனக்குத் தலை சுத்துது. யாரு மாட்டினது?"

"நான்தான்."

"அதான் பார்த்தேன்" என்று அவள் போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"அந்த மீட்டருக்குத்தான். அக்கா நம்பர் கொடுத்திருந்தா. கொஞ்சம் சும்மா இருங்க, இந்தச் சத்தத்தைக் கேட்டா அக்கா எழுந்து வந்து உங்க கையைத்தான் ஒடிப்பா."

அவன் வர இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கதவருகே செருப்பைக் கழற்றி, "சார்" என்றான். ஒரு மாதத்தில் இன்னும் இளைத்திருந்தான். மெய்ப்புக்காரர் தலையை மட்டும் அசைத்தார். கொழுந்தியாள் டீ போட உள்ளே போனாள்.

மீட்டர் அறை நடுவே நின்று கேட்டான். இரண்டு வினாடி இருக்கும். "வலது ஸ்பீக்கரைத் திருப்பி மாட்டலையா சார்?"

"எதுக்குத் திருப்பணும்?"

"தாள்ல இருந்திருக்குமே."

மெய்ப்புக்காரர் தாளை எடுத்து நீட்டினார். நீட்டும்போதே ஒரு கேஸை வாதாடப் போகிற தோரணை வந்துவிட்டது. "இது அவ போட்ட படம். நேரா, சரியா போட்டிருக்கா. இது நீங்க கிறுக்கினது. நான் பழையபடி ஆக்கிட்டேன்."

மீட்டர் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தான். பச்சை மேல் விழுந்த கோட்டைப் பார்த்தான். தாளை மேஜையில் வைத்துவிட்டுப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரையும் ஒரு பென்சில் பேட்டரியையும் எடுத்தான். எல்லாவற்றையும் அணைத்து, டிவியைத் திருப்பி, முதுகு மூடியைக் கழற்றினான்.

"சார், இப்படி வாங்க. ஸ்பீக்கர் காகிதத்தை மட்டும் பாருங்க."

இடது ஸ்பீக்கரின் முனைகளில் பேட்டரியைத் தொட்டான். 'தப்' என்று காகிதக் கூம்பு வெளியே தள்ளியது. அதே மாதிரி வலதில் தொட்டான். கூம்பு உள்ளே இழுத்துக்கொண்டது.

"இன்னொரு தடவை" என்றார் மெய்ப்புக்காரர்.

மறுபடி தொட்டான். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே.

"ரெண்டு வருஷம் முன்னால வலது ஒண்ணு கிழிஞ்சுபோச்சு, ஞாபகம் இருக்கா சார்? அப்போ மாத்தினது இது. இதுல சிவப்பு, கறுப்புக் குறியே மாறி அச்சாகி வந்திருக்கு. ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுத்தா, குரல் நடுவுல நிக்காது, ஒண்ணை ஒண்ணு தின்னுடும். அன்னிக்கு டிவிக்குள்ள இருக்கிற ஒயரை மாத்திப் போட்டுச் சரிபண்ணிட்டோம். இப்போ வெளியேருந்து கொடுக்கிறப்போ அந்த ஒயர் வழியா வராதே. அதனால இங்கேயும் மாத்தணும்."

"அப்போ அவ ஏன் நேரா போட்டா?"

"மறந்துட்டாங்க. மறுநாள் சாப்பிடும்போது திடீர்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. 'ஐயோ, அந்த வலதுபக்கத்துப் பயல் தலைகீழ்டா, அதை மாத்து'ன்னாங்க. அன்னிக்குக் காலையில அவங்க விரல் சுட்டுப்போச்சு, பேனா பிடிக்க முடியல. அதான் நான் வரைஞ்சேன். அவங்க பக்கத்துல நின்னு சொன்னாங்க."

மெய்ப்புக்காரர் உட்கார்ந்துவிட்டார். அவள் திருத்தச் சொன்ன திருத்தம். பச்சை மையில் இருந்தது அவள் பேச்சு. அதைத்தான் அத்தனை ஆனந்தமாக அடித்திருக்கிறார். விரல் சுட்ட சங்கதிகூட அவருக்குத் தெரியாது. அவன் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது. வெட்கத்தின் அடியில் இந்தப் பொறாமை இன்னும் உயிரோடு கிடந்து கடித்தது.

"ஈயம்மா சொன்னா மறுபேச்சு ஏது" என்று மீட்டர் முனகினான்.

"யாரு?"

மீட்டர் நாக்கைக் கடித்துக்கொண்டான். "கடையில அவங்களை அப்படித்தான் கூப்பிடுவோம் சார். ஒயரை ஒட்ட ஈயம் வைக்கிறதுல அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால ஈயம்மா."

இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவருக்கு அவளுக்கு இப்படி ஒரு பெயர் இருந்தது தெரியாது. கோபப்படலாம் என்று பார்த்தார். வரவில்லை. உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், ஈயம்மா. அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மீட்டர் மூடியைத் திருகி முடித்து, டிவியைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு, வலதுபக்கக் கிளிப்புகளுக்குக் கையைக் கொண்டுபோனான்.

"நில்லுங்க" என்றார் மெய்ப்புக்காரர். "நீங்க தொடாதீங்க."

டீத் தம்ளர்களோடு வந்த கொழுந்தியாள் வாசற்படியிலேயே நின்றாள்.

"இது நான் முடிக்கணும். எப்படின்னு சொல்லுங்க, நான் செய்றேன்."

மீட்டர் அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு விலகி, டார்ச்சை எடுத்துத் தூக்கிப் பிடித்தான்.

மெய்ப்புக்காரர் பின்னால் நுழைந்தார். "இதை அமுக்கட்டுமா?"

"அதில்ல சார், அடுத்தது. ஆங். இழுங்க. இன்னும்... கம்பி பிசிறு பக்கத்துல படக்கூடாது, முறுக்கிக்கங்க. இல்ல, இல்ல, இந்தப் பக்கமா." அவன் விரல்கள் பரபரத்தன, அவற்றைக் கக்கத்தில் அடக்கிக்கொண்டான். மூன்று நிமிட வேலைக்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. சிவப்பைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் அவரே செருகினார்.

"பாவம், டார்ச் பிடிக்கிறவன் கஷ்டம் இப்போ தெரியுதா?" என்று அவர் உள்ளேயிருந்து கேட்டார். எதற்காகக் கேட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மீட்டர் சிரித்துவிட்டான். "டார்ச் கதை தெரியும் சார். அங்க காட்டுன்னா உங்க செருப்புக்குக் காட்டுவீங்களாமே."

"அதையுமா சொன்னா?"

"எதைச் சொல்லல? உங்க டீயில சர்க்கரை, நீங்க ஹோட்டல் மெனுவைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தது, தூக்கத்துல வாக்கியம் சொல்றது. பதினோரு வருஷம் 'எங்க வீட்டுக்காரர், எங்க வீட்டுக்காரர்'னு கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. உண்மையைச் சொன்னா, உங்க மேல எனக்கு ஆத்திரமாக்கூட இருந்திருக்கு சார். நான் ஒரு போர்டைப் புதுசா பண்ணிக் காட்டினாலும், 'நல்லா இருக்குடா. இவர் ஒருதடவை என்ன பண்ணார் தெரியுமா'ன்னு ஆரம்பிப்பாங்க. நீங்க என்னைப் பார்த்து ஒரு தடவைகூடச் சிரிச்சதில்ல. இந்த மனுஷனுக்கா இவ்வளவு பேச்சுன்னு நினைப்பேன்."

மெய்ப்புக்காரர் வெளியே வந்து, முழங்கைத் தூசியைத் தட்டி, ரிசீவரைப் போட்டார்.

செய்தி வாசிப்பவர் பேசினார். அவர் வாயிலிருந்தே பேசினார். குரல் கனமாக, திரையின் நடுவில் வந்து நின்றது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், அது அசையவில்லை. கொழுந்தியாள் தம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டீ குடிக்கும்போது மெய்ப்புக்காரர் சோபாவில் தன் கோடியில் உட்கார்ந்தார். மீட்டர் தரையிலேயே, ரிசீவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கடைசியா என்ன சொன்னாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே சார்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"சுட்ட விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு ஈயம் வச்சுக்கிட்டிருந்தாங்க. ஃபேனைக் குறைன்னாங்க. 'ஃபேனைக் குறைடா, ஈயம் ஆறுது.' அவ்வளவுதான். நான் எழுந்து போய்க் குறைச்சுட்டுத் திரும்பினேன்."

அவ்வளவுதான். ஒரு மாதமாக அவர் அந்த இடத்தில் எத்தனையோ வாக்கியங்களை வைத்துப் பார்த்திருந்தார். அவற்றில் சில மீட்டருக்கானவை; அவற்றை நினைத்த இரவுகளில் தூக்கமே வந்ததில்லை. ஃபேன் என்று கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. இளகியதற்காக வெட்கப்பட்டார். அப்போதுதான் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மீட்டர் பார்க்காததுபோல் ரிமோட்டை எடுத்து ரிசீவரின் மெனுவைத் திறந்தான்.

"எல்லாம் போட்டு வச்சிருக்காங்க" என்றான் திரையைப் பார்த்து. "ஸ்பீக்கர் தூரம்கூட. கேக்கிறவங்க எங்க உட்காருவாங்களோ அங்கேருந்து அளக்கணும். நடு ஸ்பீக்கர் ரெண்டு புள்ளி நாலு மீட்டர்."

"யார் உட்கார்ற இடத்துக்கு?" என்று மெய்ப்புக்காரர் கேட்டார். கேட்ட வேகம் அவருக்கே அதிகமாகப் பட்டது.

மீட்டர் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தான். ஒரு முனையைக் கொழுந்தியாள் டிவியில் பிடித்தாள். அவருடைய வலது கோடி இரண்டு புள்ளி ஏழு. அவள் உட்காரும் இடது கோடியும் இரண்டு புள்ளி ஏழு. இரண்டு புள்ளி நாலு என்பது சோபாவின் நட்டநடு. அங்கே பழைய செய்தித்தாள்கள் கிடந்தன. அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை.

மெய்ப்புக்காரருக்கு முகம் விழுந்தது. தனக்காக அளந்திருப்பாள் என்று அந்தக் கொஞ்ச நேரத்தில் எவ்வளவு நம்பிவிட்டார்! மூன்று வாரம் புலம்பியவர் அவர்தானே.

"அவங்க எந்த வீட்டுக்குப் போனாலும் நடுவுலதான் வைப்பாங்க. ஒரு பக்கம் சாய்ச்சு வச்சா பிடிக்காது" என்றான் மீட்டர். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சேர்த்தான்: "உங்க இடத்துக்கு மாத்தித் தரட்டுமா சார்? ரெண்டு பட்டன்தான்."

அவர் திரையில் இருந்த எண்ணைப் பார்த்தார். செய்தித்தாள்கள் கிடந்த இடத்தைப் பார்த்தார். மாற்றினால் குரல் இன்னும் நேராக அவரிடம் வரும். ஆனால் அது அவள் அளந்து வைத்ததாக இருக்காது.

"வேண்டாம்" என்றார்.

மீட்டர் மெனுவை மூடினான். அதன்பிறகு அவன் எத்தனையோ தடவை வந்தான். ஒயர் மாறியது, பின்பக்கத்து ஸ்பீக்கர் ஒன்று மாறியது, ஒரு வருடம் கழித்து சோபாவும் மாறியது. ரிசீவரின் மெனுவில், நடு ஸ்பீக்கருக்கு நேரே, இரண்டு புள்ளி நாலு என்றுதான் இருக்கிறது.